ஈரம் காயும் முன்

பொற்கோவிலுக்குப் போகிறவர்களில் பலர் பொன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குளத்து நீரில் அது மின்னும் அழகு அப்படி. மேல்மாடிச் சுவர்களில் பூவும் கொடியும் பறவையுமாகப் படர்ந்திருக்கும் ஓவியங்களின் முன்னால் நிற்பவர்கள் குறைவு. பின்னால் வரும் கூட்டம் நிற்கவும் விடாது. நான் அமிர்தசரஸுக்குப் போனது அந்தச் சுவர்களுக்காக. பஞ்சாப், ஹரியானா சுவரோவியங்களைப் பற்றி கன்வர்ஜித் சிங் காங் எழுதிய நூல் 1985இல் வெளிவந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, இந்த வேலையைச் செய்யும் கைகளை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

பழைய நகரத்துச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறிய பட்டறை. அங்கே வயதான நக்காஷ் ஒருவர் இருக்கிறார். சித்திர வேலை செய்பவர்களைப் பஞ்சாபில் அப்படித்தான் அழைக்கிறார்கள். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். எல்லோரையும் போல நானும் உஸ்தாத்ஜி என்றே கூப்பிட்டேன். அவர் என்னை ‘பேட்டா’ என்றார்.

முதலில் அவர் காட்டியது ஓவியத்தை அல்ல, சுண்ணாம்பை. மூலையில் ஒரு தொட்டி. தண்ணீருக்கு அடியில் நீற்றிய சுண்ணாம்பு மாதக்கணக்காக ஊறிக்கொண்டிருந்தது. விரலால் ஒரு துளி எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்தார். நெருடலே இல்லை. “இதில் ஒரு மணல் இருந்தாலும் மேலே கோடு உடைந்துவிடும், பேட்டா” என்றார்.

மொஹ்ராகஷி என்ற இந்த ஈரச்சாந்து ஓவிய வேலையில் பாதிக்கு மேல் சாந்து வேலைதான். சுவரில் முரட்டுக் காரை. அதன்மேல் மெல்லிய பூச்சு. கடைசியாகச் சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும் கலந்த மிக நைசான பூச்சு. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் பூசுகிறார்கள். படத்தின் கோடுகளில் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்ட தாளைச் சுவரில் வைத்து, கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் தட்டினால் கோடெல்லாம் கரும்புள்ளிகளாக இறங்குகிறது. வண்ணங்கள் மண்ணும் கல்லும்தான்: ஹிர்மச்சி என்கிற செங்காவி, பச்சை மண், நீலத்துக்கு லாஜ்வர்த் கல். செடிச் சாயங்கள் சுண்ணாம்பின் காரத்தைப் பெரும்பாலும் தாங்குவதில்லை. பசை எதுவும் சேர்ப்பதில்லை. தண்ணீரில் அரைத்த வண்ணத்தை ஈரச் சாந்தின்மேல் தீட்டி, சிறு கரண்டியால் மெதுவாகத் தட்டித் தட்டி உள்ளே இறக்குகிறார்கள். சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. வண்ணம் அந்தக் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். காரைக்குடி வீடுகளின் பழைய சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அப்படித் தேய்த்த சுவரின் குளிர்ச்சி தெரியும்.

ஈரம் காயும் முன் முடித்தாக வேண்டும், திருத்த இடமில்லை. உஸ்தாத்ஜி வேலை செய்யும்போது பேசவே இல்லை. சீடப்பையன் வண்ணக் கிண்ணத்தை மாற்றி மாற்றி நீட்டினான். கேட்காமலே எந்தக் கிண்ணம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியின் படைகள் 1762இல் தகர்த்த பொற்கோவில், 1764க்குப் பிறகு மீண்டும் எழுந்தது. மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் சலவைக்கல்லும் பொற்றகடும் வந்தன. இன்று பாகிஸ்தானில் உள்ள சினியோட்டிலிருந்து முஸ்லிம் கைவினைஞர்கள் வந்தார்கள். பொன் பூசும் வேலைக்கு யார் முஹம்மது கான் மிஸ்திரி பொறுப்பாக இருந்தார். சித்திரத்துக்கு கேஹர் சிங். அவர் வழிவந்த நிஹால் சிங்கிடம் சிறுவனாகச் சேர்ந்து நெடுங்காலம் பயின்றவர் பாய் கியான் சிங் நக்காஷ் (1883–1953). முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கோவில் சுவர்களிலேயே வேலை செய்தார். நாகமும் சிங்கமும் யானையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பூச்சாடியைச் சுமக்கும் பின்னல்கள் இந்த மரபின் கைச்சரக்கு. கியான் சிங்கின் மகன் ஜி.எஸ். சோஹன் சிங் தந்தையின் வடிவங்களை அச்சில் கொண்டுவந்தார். உஸ்தாத்ஜியின் அலமாரியில் அப்படி ஒரு புத்தகம், ஓரமெல்லாம் காவிக்கறையோடு இருந்தது. அறிஞர்களும் அச்சுக்கூடமும் இந்தப் பட்டறைக்குச் செய்த உதவி எவ்வளவு பெரியது என்று அந்தக் கறையைப் பார்த்தபோது புரிந்தது.

மறுநாள் காலை பாபா அடல் கோபுரத்துக்குப் போனோம். சீக்கியரின் ஆறாம் குரு ஹர்கோபிந்தின் மகன் அடல் ராய் ஒன்பது வயதில் மறைந்தார். அவர் நினைவாக ஒன்பது நிலைகள். உள்ளே குரு நானக்கின் வாழ்க்கை ஓவியத் தொடராக ஓடுகிறது. பொற்கோவிலின் ஈரச்சாந்து ஓவியங்களில் மனித உருவம் மிக அரிது. வடக்குப் படிக்கட்டுப் பக்கம், குரு கோபிந்த் சிங் ஆனந்த்பூரை விட்டுக் குதிரையில் புறப்படும் காட்சி ஒன்று உண்டு. பாபா அடலிலோ சுவரெங்கும் மனிதர்கள்.

சில இடங்களில் முகங்கள் தேய்ந்திருந்தன. பக்தியோடு தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கைகளின் எண்ணெய்ப் பிசுக்கு. இந்தச் சுவர்களுக்குப் பகை என்று யாருமில்லை. அதுதான் மனத்தை அறுக்கிறது. பஞ்சாபெங்கும் பழைய குருத்வாராக்களைப் புதுப்பிக்கிறவர்கள் கூலி வாங்காமல் செங்கல் சுமக்கும் பக்தர்கள். ‘கார் சேவை’ என்பது அவர்களுக்கு வழிபாடு. 1923இல் பொற்கோவில் குளத்தைத் தூர்வாரியபோது தலையில் சேற்றுக்கூடை சுமந்து வந்த அதே அன்புதான், பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் பளபளக்கும் சலவைக்கல் ஒட்டுகிறது. தர்ன் தாரன் குருத்வாராவில் 2019 மார்ச்சில் ஓரிரவில் பழைய நுழைவாயிலான தர்ஷனி தியோடியை இடிக்கத் தொடங்கினார்கள். பக்தர்களே ஓடிவந்து தடுத்ததால்தான் மிச்சம் நின்றது. காங் போன்றவர்கள் பார்த்து எழுதிய ஓவியங்களில் பல இன்று ஏட்டில் மட்டும்தான் இருக்கின்றன.

தேய்ந்த ஒரு முகத்தைக் காட்டி, “இதை நீங்கள் மறுபடி வரைவீர்களா?” என்று கேட்டேன்.

“ஏன் வரையக்கூடாது? என் குருவின் குரு செய்ததும் அதுதானே. பழுது வந்தால் நக்காஷ் சரிசெய்வான். கண்ணில்லாத முகத்தின் முன்னால் எப்படிக் கைகூப்புவது?”

பாதுகாப்பு வல்லுநர்கள் இதை ஒப்பமாட்டார்கள். இருப்பதைக் காப்பாற்று, இல்லாததை இட்டு நிரப்பாதே என்பது அவர்கள் நெறி. இந்த விஷயத்தில் நான் வல்லுநர்கள் பக்கம். ஒரு தூரிகை புகுந்தால் முந்தைய கை போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் புத்தகத்தாலும் ஆகாது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு உஸ்தாத்ஜியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் அநியாயம். பழைய சுவரைத் தொடாதே என்றால், அவர் வேலை செய்யச் சுவர் எங்கே? புதிய குருத்வாராக்களில் சலவைக்கல்லும் ஓடும் ஒட்டுகிறார்கள். சீடப்பையன் இப்போது வாரத்தில் பாதி நாள் பெயர்ப்பலகை எழுதப் போகிறான்.

இதை உஸ்தாத்ஜியிடமே சொன்னேன். கட்டப்படும் ஒவ்வொரு புதிய குருத்வாராவிலும் ஒரே ஒரு சுவரை நக்காஷுக்கு ஒதுக்கினால் பழைய சுவர்களை விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். தேய்ந்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விட்டுவிடுகிறேன். ஆனால் கட்டி முடித்தபிறகு வந்து கூப்பிடக்கூடாது. அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லச் சொல்லு, பேட்டா. சுண்ணாம்பு ஊற வேண்டும்.”