அவர்கள் வீட்டுப் பிள்ளை

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாளின் மகன் பட்டாளத்தில் இருக்கிறானாம்.

"ஏனுங்க, சண்டைக்கு உத்தரவு போடறவங்க ஊட்டுப் பசங்க யாராச்சும் பட்டாளத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள்.

எனக்குக் குமாரமங்கலம் ஜமீன் ஞாபகம் வந்தது. டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. 1957-ல் இதே திருச்செங்கோட்டிலிருந்து லோக் சபைக்குப் போனவர். ராணுவத்துக்குப் பணம் ஒதுக்குகிற சபை அது. அவர் அங்கே உட்கார்ந்திருந்தபோது மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ராணுவத்தில் இருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலியில் தப்பி, மறுபடி அகப்பட்டு, ஜெர்மன் சிறைமுகாமில் கிடந்தவர் அந்த மகன்.

1962 அக்டோபரில், சீனப் போர் மூள்வதற்குச் சில நாட்கள் முன்பு தகப்பனார் காலமானார். 1966-ல் மகன் ராணுவத் தலைமைத் தளபதியானார்.

"இருந்தாருங்க அம்மா, இந்தப் பக்கத்துக்காரரே" என்று கதையைச் சொன்னேன். அம்மாள் கவனமாகக் கேட்டாள். இறங்கும்போது, "அது அப்போங்க. இப்போ?" என்றாள்.

பதில் தெரியாமல், அவள் பையை எடுத்துக் கொடுத்தேன்.