தொண்டைக் கொடி படர்ந்த நாடு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையில், ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகளின் கம்பி வேலிகள் நெடுந்தூரம் நீண்டு கிடக்க, அவற்றின்மேல் எவரும் நடாமலும் நீர் வார்க்காமலும், ஒரு மழை பெய்துவிட்டால் தளதளவென்று ஏறிப் படர்ந்து, வெள்ளைப் பூவும் இரத்தச் சிவப்பான பழமுமாக நிற்கும் கொடியை ஜனங்கள் கோவைக் கொடி என்பார்கள். அதன் பழம்பெயர் தொண்டை. சிலேட்டின் கருமை மங்கியபோதெல்லாம் கரியோடு இந்த இலையைக் கசக்கித் தேய்த்த தலைமுறைக்கு அதன் பச்சை வாடை மறந்திராது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு 24 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்த தொண்டை மண்டலம் இந்தக் கொடியிலிருந்தே பெயர் பெற்றது என்பது மரபு.

சோழன் ஒருவனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த குழந்தை, அடையாளமாகத் தொண்டைக் கொடி சுற்றப்பட்டுக் கடலில் விடப்பட, திரை கொணர்ந்து கரை சேர்த்தமையால் திரையன் என்றும், கொடியால் தொண்டைமான் என்றும் பெயர் எய்தி இந்நாட்டை ஆண்டான் என்று பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் கூறுகிறார். அந்நூலின் பாட்டுடைத் தலைவனாகிய இளந்திரையனுடைய இரண்டு பெயர்களுக்கும் ஒரே கதையில் காரணம் அமைந்துவிடுகிற இந்தக் கச்சிதமே, பெயர்கள் முந்தியவை, கதை பிந்தியது என்று எனக்குக் காட்டுகிறது. பின்னாளில் காஞ்சியை ஆண்ட பல்லவரின் பெயருக்கும் வடமொழியில் தளிர் என்றே பொருள். அதனைத் தற்செயல் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

தொண்டை என்ற பெயருக்கும் முன்னே இப்பகுதிக்கு அருவாநாடு என்ற பெயர் வழங்கியது; கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறித்த அருவர்னோய் என்பார் இந்நாட்டவரே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சோழர் இதனை வென்று ஆண்டபோது, முதலாம் இராசராசன் காலத்தில், ஜயங்கொண்ட சோழ மண்டலம் என்ற பெருமிதமான நாமத்தைச் சூட்டிச் சாசனங்களில் பொறித்தார்கள். அந்த நாமம் கல்லோடு நின்றது. சோழப் பேரரசு மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்துப் படிக்காசுப் புலவர் சதகம் பாட எடுத்துக்கொண்டதோ தொண்டை மண்டலத்தைத்தான்.

இன்று ஒடிசாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்து, வாடகை அறையில் நால்வராய்ச் சேர்ந்து சமைத்துண்ணும் இளைஞர்கள் கோவைக்காயைக் குந்துரி என்று தங்கள் ஊர்ப் பெயரால் கேட்டு வாங்குகிறார்கள். தாங்கள் நிற்கும் நாட்டின் பெயரே அந்தக் கறிக்கூடையில் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நம் பிள்ளைகளுக்குந்தான் யார் சொன்னார்கள்? இவ்வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒருநாள் மாணவர்களை அந்த வேலியருகே அழைத்துச் சென்று, இலையைக் கையில் கொடுத்து, இதைச் சொல்லவேண்டும்.