பின்னுக்குப் போகாத புல்வெட்டி

எங்கள் வீட்டில் ஐயா ஓட்டுகிற ஒரே வாகனம் புல்வெட்டிதான். ஒன்ராறியோவில் 80 வயதானவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கண் சோதனையும் ஒரு வகுப்பும் முடித்துத்தான் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாம். அந்த வகுப்பில் ஒரு கடிகாரம் வரையச் சொல்வார்கள். ஐயா முள்ளும் இலக்கமும் பிசகாமல் வரைந்து சித்தியடைந்து வந்தவர். கண்ணும் மூளையும் சரி, கழுத்துத்தான் ஒத்துழைக்கவில்லை. 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க முடியாமல் போன ஒரு நாள், வீட்டுக்கு வந்து கார்ச் சாவியை மேசையில் வைத்தார். வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிறகு அவர் அதைத் தொடவும் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஓர் ஏக்கர் காணியோடு இந்த வீட்டை வாங்கியபோது, பின்கொட்டிலுக்குள் ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றும் சேர்ந்து வந்தது. முன்னைய சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போனது. ஐயா முதலில் வளவைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "மாடில்லாத வளவுக்கு உவ்வளவு புல்லு என்னத்துக்கு?" என்று கேட்டார். ரொறன்ரோ நகருக்குள் 20 சென்ரிமீற்றருக்கு மேல் புல் வளர விட்டால் விதிமீறல் என்று சொன்னேன். "வளர்க்கிறதும் நாங்கள், வெட்டுறதும் நாங்கள், தின்ன ஒருத்தருமில்லை" என்றார். ஆனால் கொட்டிலுக்குள் எஞ்சின் இருப்பதைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. உரும்பிராயில் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் வைத்தவர் அவர். இறைப்பு மெஷினும் லான்ட்மாஸ்ரரும் அவருடைய கையிலேயே தேய்ந்தவை. அந்தக் கோடையிலிருந்து புல் வெட்டுவது அவருடைய வேலையாயிற்று. வியாழக்கிழமைகளில் தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு புறப்படுவார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் அவர் பேச்சுக்கே ஒரு தெம்பு வந்துவிடும்.

மூன்றாவது ஆண்டு மே மாதத்தில் புல்வெட்டி பின்னுக்குப் போக மறுத்தது. முன்பெடலை மிதித்தால் ஓடும். பின்பெடல் அடிவரைக்கும் இறங்கும், சில்லு அசையாது. எங்கள் வளவில் பதினொரு அப்பிள் மரங்களும் இரண்டு வேலி மூலைகளும் உண்டு. மூலைக்குள் போனால் திரும்பி வர வழியில்லை. ஏறக்குறைய 200 கிலோ பாரம். பின்னாலுள்ள நெம்பை இழுத்து சில்லுகளை விடுவித்துவிட்டு ஆள் நின்று இழுக்க வேண்டும். நான் இழுப்பேன். ஐயா இறங்கி ஒரு ஓரமாக நிற்பார். நான்காவது தடவை இழுத்தபோது, "விடு தம்பி, பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திருத்தும் கடையொன்றில் விசாரித்தேன். பின்சில்லுகளை ஓட்டுகிற பெட்டி முழுவதையுமே மாற்ற வேண்டி வரலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய புல்வெட்டி வாங்கிவிடலாம். கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "பின்னுக்குப் போக முடியாத வாகனம்! புலம்பெயர்ந்தவனுக்கு இதைவிட நல்ல படிமம் வேணுமோ?" என்று சந்தோஷப்பட்டார். படிமம் நல்லதுதான். ஆனால் மழைக்குப் பிறகு புல் கணுக்காலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஐயா இரண்டு நாளாகக் கொட்டில் பக்கமே போகவில்லை. எனக்குப் பயம் அதில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவராகவே தொடங்கினார்.

"முன்னுக்குப் போகுதெல்லோ?"

"ஓம் ஐயா."

"பெலனாப் போகுதோ, இல்லை இழுத்து இழுத்தோ?"

"பெலனாத்தான். ஏத்தத்திலையும் ஏறுது."

"அப்ப எஞ்சினை விடு. பெல்ற்றை விடு. எண்ணெயை விடு. முன்னுக்கும் பின்னுக்கும் பொதுவா இருக்கிற ஒண்டிலும் பிழையில்லை. பின்னுக்குப் போறதுக்கு மட்டும் எண்டு என்ன கிடக்கு, அதைப் பார்."

கடைக்காரர் இயந்திரத்தைப் பார்க்காமலே விலை சொன்னார். ஐயாவும் பார்க்காமலேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதில் பாதி இயந்திரம் சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிட்டது.

இந்த வகைப் புல்வெட்டியில் லான்ட்மாஸ்ரரைப் போல மாற்றிப் போடும் கியர் கிடையாது. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் ஒரு மோட்டரைச் சுற்றிச் சில்லை ஓட்டுகிறது. பம்புக்குள் சாயக்கூடிய தட்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் எண்ணெய் ஒரு வழியாக ஓடும், வண்டி முன்னே போகும். மறுபக்கம் சாய்ந்தால் எண்ணெய் எதிர்வழியாக ஓடும், வண்டி பின்னே வரும். நேராக நின்றால் எண்ணெய் ஓடாது, வண்டியும் நகராது. இதைக் கடதாசியில் கீறிக் காட்டினேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அப்ப தட்டைச் சாய்க்கிறது ஆர்?" என்றார். பெடலிலிருந்து போகிற ஒரு கம்பி. "கம்பியைப் பாப்பம்."

சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றி, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை யக்கால் உயர்த்தித் தாங்கியில் நிறுத்தினேன். அடியில் பல பருவத்துப் புல் காய்ந்து இறுகி, சாணி தட்டி வைத்ததுபோல் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் கம்பி தெரிந்தது. எதிலோ அடிபட்டு நடுவில் வளைந்திருந்தது. ஐயா முழங்காலில் இருக்க முடியாது. கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு கையை உள்ளே விட்டுத் தடவினார். நான் பெடல்களை மாறி மாறி அமர்த்தினேன்.

"விளங்கிச்சுது" என்றார். முன்பெடலை மிதித்தால் கம்பி இழுபடுகிறது; இழுபடும் கம்பி வளைந்திருந்தாலும் தன் வேலையைச் செய்துவிடும். பின்பெடலை மிதித்தால் அதே கம்பி தள்ளுப்படுகிறது. தள்ளுப்படும்போது வளைவு இன்னும் வளையும். பெடல் போகிற தூரமெல்லாம் அந்த வளைவுக்குள்ளேயே முடிந்துவிடும். தட்டு சாயாது.

கம்பியைக் கழற்றி ஒரு இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினோம். தேய்ந்த பின் ஒன்றை மாற்றினோம்; இரண்டு டொலர்கூட இல்லை. பெடலில் கால் வைக்காதபோது சில்லு தானாக ஊராதபடி கம்பியின் நீளத்தைச் சரிசெய்தோம். இறக்கி ஓட்டிப் பார்த்தால், வண்டி கொட்டிலுக்குள் பின்பக்கமாக, மாடு தொழுவத்துக்குள் போவதுபோல் தயங்காமல் போனது.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கம்பியைத் திரும்பப் பூட்டும்போது பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. பின்பெடலோடு தொட்டுக்கொண்டு ஒரு சிறிய சுவிச். அதற்குப் போக வேண்டிய இரண்டு வயர்களும் அதில் இல்லை. இரண்டையும் ஒரு துண்டு மஞ்சள் வயரால் தமக்குள்ளேயே இணைத்து, கறுப்பு ரேப் சுற்றி விட்டிருந்தார்கள். சுவிச் கெட்டுப்போனதால் செய்த வேலையா என்று பார்க்க ஐயா ஒரு பற்றியும் ரோர்ச் பல்ப்பும் கொண்டுவரச் சொன்னார். பல்ப் ஒழுங்காக எரிந்து அணைந்தது. சுவிச்சில் ஒரு குறையும் இல்லை. யாருக்கோ அது தொல்லையாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கத்தி சுழன்றுகொண்டிருக்கும்போது பின்பெடலை மிதித்தால் எஞ்சினை நிறுத்திவிடுவது அந்தச் சுவிச்சின் வேலை. மிதிக்கும் முன் கத்தியை நிறுத்தினால் வண்டி தடையில்லாமல் பின்னே வரும். கத்தியோடு பின்னே வரத்தான் வேண்டுமென்றால், சாவியை இன்னொரு நிலைக்குத் திருப்பினால் அதற்கும் விடும். வண்டி கேட்பது அந்த ஒரு கைவேலையை மட்டும்தான். கையேட்டில் படம் போட்டு எழுதியிருந்தார்கள்.

"கழட்டிப்போட்டுப் பழையபடி பூட்டுறன் ஐயா" என்றேன்.

"ஏன்? ஓடுதெல்லோ."

"ஓடுது. ஆனா—"

"ஓடுற மெஷினிலை கை வைக்காதை."

இது அவருடைய வாழ்க்கை விதி. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மோட்டார் சைக்கிளும் காரும் இறைப்பு மெஷினும் அப்படித்தான் ஓடின. புகை கக்கும், இருமும், ஆனால் ஓடும். உதிரிப்பாகம் கேட்டு யாரிடமும் போக முடியாது. இல்லாததை விட்டுவிட்டு, இருப்பதை முறுக்கிக் கட்டி, அடுத்த இறைப்புக்கு மெஷினைத் தயார்ப்படுத்தியவர்கள்தான் அந்தக் காலத்தின் கெட்டிக்காரர். ஐயா அவர்களில் ஒருவர். அந்த மஞ்சள் வயரை அவர் பார்த்தபோது, அதைச் செய்தவன் மேல் அவருக்கு மதிப்புத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"உனக்கு என்ரை ஓட்டத்திலை நம்பிக்கையில்லை. அதுதானே?" என்றார்.

நாங்கள் இருவரும் சொல்லாமல் விட்டது அந்தக் கழுத்து. கார்ச் சாவியை மேசையில் வைத்த அதே கழுத்தோடுதான் அவர் இரண்டு கோடை புல் வெட்டியிருக்கிறார். அதைச் சொன்னால் இந்தச் சாவியும் மேசைக்கு வந்துவிடும். மகளுடைய மகன், நாலு வயதுக்காரன், சனிக்கிழமைகளில் இங்கே வருவான். எஞ்சின் சத்தம் கேட்டால் "பெரிய தாத்தா!" என்று கத்திக்கொண்டு சத்தத்தை நோக்கி ஓடுகிறவன். அவன் ஓடிவருகிற திசை எப்போதும் பின்பக்கம்தான்.

நான் கழுத்தைப் பற்றிப் பேசவில்லை. சுவிச் ஏன் வந்தது என்பதை மட்டும் சொன்னேன். இந்தக் கத்தியின் நுனி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும். பின்னே வருகிற புல்வெட்டிக்கு அடியில் அகப்பட்டுக் காலையும் பாதத்தையும் இழந்த சின்னப் பிள்ளைகள் பலர். ஓட்டியது பெரும்பாலும் அந்நியரல்ல, அப்பாவோ தாத்தாவோதான். கண் நன்றாகத் தெரிகிறவர்கள். எஞ்சின் இரைச்சலில் பிள்ளை கூப்பிட்டது கேட்காது, அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இதில் ஏறி ஓட்டக்கூடாது என்கிறது; சின்னப் பிள்ளைகள் வெட்டும் நேரத்தில் வளவிலேயே நிற்கக்கூடாது என்கிறது. கத்தியோடு பின்னே போகவிடாத இந்த ஏற்பாட்டையும் அந்த மருத்துவர்கள் கேட்டிருந்தார்கள்.

ஐயா வாளியில் இருந்தபடி மஞ்சள் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கை மெஷின் நிண்டால் பயிர் செத்துது" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "இங்கை மெஷின் நிக்காட்டில்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. கையை நீட்டினார். குறட்டைக் கொடுத்தேன். ரேப்பை அவரே சுரண்டி எடுத்தார். கை நடுங்கியது, நான் உதவப் போகவில்லை. வயர்கள் இரண்டையும் சுவிச்சில் செருகி, செருகியது இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

பிறகு ஏறி இருந்து, எஞ்சினைக் கிளப்பி, கத்தியைப் போட்டு, பின்பெடலில் காலை வைத்தார். எஞ்சின் சட்டென்று நின்றது. வளவு முழுக்க அமைதியானது. வாழ்நாள் முழுவதும் எஞ்சின்களை ஓட வைத்த மனிதர், ஒன்று நின்றுபோனதற்காகத் தலையாட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன். "இப்ப சரி" என்றார். திருத்துவது என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருளில் பாதியே இருந்ததுபோல் அப்போது தோன்றியது.

இந்தக் கோடையும் வியாழக்கிழமைகளில் அவர்தான் வெட்டுகிறார். சனிக்கிழமை பிள்ளை வந்தால் கொட்டில் கதவு பூட்டு. அது அவரே போட்ட சட்டம். மரத்தடிக்குப் போய்ப் பின்னே வர வேண்டிய ஒவ்வொரு தடவையும் கத்தியை நிறுத்துகிறார், முணுமுணுக்கிறார், கழுத்துக்குப் பதில் இடுப்போடு உடம்பைத் திருப்ப முயல்கிறார், முடியாதபோது, "பின்னாலை ஆர்?" என்று சத்தமாகக் கேட்கிறார். வளவில் ஒருவருமில்லாத நாட்களிலும் கேட்கிறார். பதில் வராவிட்டால்தான் பெடலை மிதிக்கிறார். நான் வீட்டிலிருந்தால் யன்னலைத் திறந்து, "ஒருத்தருமில்லை ஐயா" என்பேன்.

மஞ்சள் வயரை அவர் எறியவில்லை. நல்ல வயராம். பாகல் கொடியைப் பந்தலோடு சேர்த்து அதனால் கட்டியிருக்கிறார்.