நீங்க என்ன ஆளுக?

தக்கலைப் பக்கம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் புது முகத்திடம் முதலில் பேர் கேட்பார்கள். அடுத்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுக?". பதிலைப் பொறுத்து 'வாங்க' என்பது 'வா' ஆகிவிடுவதும் உண்டு! அன்பில்லாத பேச்சு வெறும் சத்தம்தான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அப்போதுதான் உள்ளே வாசித்திருப்பார்கள்...

நண்பர்களே, நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர் தேவசகாயம். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார். மதம் மாறியதோடு எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் மேல்சாதிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. கைது செய்தார்கள், எருமை மேல் உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

2012-ல் நாகர்கோவிலில் முக்திப்பேறு பெற்றபோது அவர் பெயரில் 'பிள்ளை' இருந்தது. எதிர்ப்பு வந்தது. 2022 மே 15-ல் புனிதராக அறிவித்தபோது வத்திக்கான் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டது. நம்ம ஆட்கள் பலர் இன்னும் விடவில்லை. கேட்டால் "மரியாதைக்குத்தானே சொல்றோம்" என்கிறார்கள். சரி, அவர் கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய மற்றவர்களை அதே வாய் எப்படிக் கூப்பிடுகிறது?