நான் அறிந்ததும் அவன் அறிந்ததும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

விளையாட்டு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன மைதானமும் பந்தும். உட்கார்ந்து ஆடுவது என்றால் சதுரங்கமும் கேரமும். இவற்றில் ஆடுபவன் தனக்குத் தெரிந்த அத்தனை வித்தையையும் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். 'உனக்குத் தெரிந்ததைத் தெரியாதது போல் வைத்துக்கொண்டு ஆடு' என்று கட்டளையிடும் விளையாட்டும் ஒன்று உண்டு. அதைத்தான் எங்கள் விடுதியில் நாங்கள் ஐவர் ஓராண்டாக ஞாயிறுதோறும் ஆடி வருகிறோம். அதில் எழுந்த ஒரு கேள்வி என்னை ஆய்வுக்கூடம் வரை விடாமல் துரத்தியது. அதனை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திர ஆட்டம் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரே அதன் பிறப்பிடம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் அதன் ஆசிரியர்கள். இதில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்கிறார். ஒருவர் மட்டும் நடுவர். அவர் ஒரு குகையையோ கோட்டையையோ வருணித்துவிட்டு, 'நீ என்ன செய்கிறாய்?' என்று கேட்பார். நாடகத்தில் நடிகனுக்கு வசனம் எழுதித் தரப்பட்டிருக்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. முடிவு ஐயமானால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். அடிப்படை விதிகளை யாவரும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்தில் 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். அவை எங்கள் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தன. பகடை மட்டும் வரவில்லை. 1 முதல் 20 வரை எண்ணிட்ட துண்டுச் சீட்டுகளை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம்.

இனிக் கேள்விக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் 'ட்ரோல்' என்றோர் அரக்கன் வருவான். அவனை வெட்டினால் காயம் தானே ஆறிவிடும். தீயும் அமிலமும் பட்டால்தான் அவன் உடல் தேறாது. விதிநூலைப் புரட்டிய எவருக்கும் இது தெரியும். ஆனால் சொந்த ஊரை விட்டு முதன்முறையாகக் கிளம்பி வந்த கதைமாந்தனுக்கு எப்படித் தெரியும்? ஆடுபவனின் அறிவைப் பாத்திரத்தின் கையில் கொடுத்துவிடுவதை 'மெட்டாகேமிங்' என்கிறார்கள். அது ஒருவகைத் திருட்டு என்பது பலர் கருத்து.

சரி, தீப்பந்தத்தைத் தொடாமல் வாளையே வீசிக்கொண்டிருந்தால் அது நேர்மையாகிவிடுமா? ஒன்றும் அறியாத ஒருவன் தற்செயலாகவே பந்தத்தை வீசியிருக்கலாம். 'தீதான் விடை' என்று தெரிந்திருப்பதாலேயே நான் தீயைத் தவிர்த்தால், அப்போதும் என்னை நடத்துவது அந்த அறிவுதானே? உள்ளே புகுந்த அறிவை வெளியே எடுத்து வைக்க ஒரு வழியும் இல்லை.

கைகாக்ஸ் இதை உணர்ந்திருந்தார். 1979-இல் அவர் எழுதிய நடுவர் கையேட்டை மற்ற ஆட்டக்காரர்கள் வைத்திருப்பதை அவர் விரும்பவில்லை. ஆனால் அச்சிட்ட நூலை யார் கண்ணிலிருந்து மறைப்பது? இன்று நடுவர்கள் கையாளும் வழி, சீட்டு. 'உன் பாத்திரம் இதைக் கேள்விப்பட்டிருக்கிறதா?' என்று சீட்டெடுக்கச் சொல்வார்கள். தேவையான எண் 15 என்று வைத்துக்கொள்வோம். அறிவுத்திறன் 16 உள்ள மந்திரவாதி, வந்த எண்ணோடு 3 கூட்டிக்கொள்வான். வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 45. அறிவுத்திறன் 8 உள்ள காட்டு வீரன் 1 கழித்துக்கொள்வான். வாய்ப்பு நூற்றுக்கு 25. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இக்கணக்கு அறிவை ஒரே அளவுகோலில் நிறுத்துகிறது. ஒருவனிடம் கூடுதல், மற்றவனிடம் குறைவு, அவ்வளவே. என் ஐயம் இங்கேதான் தொடங்கியது.

என் பாத்திரம் ஒரு காட்டு வீரன். 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் இவ்வகை வீரனுக்கு மட்டும் தொடக்கத்தில் எழுத்தறிவு கிடையாது என்றொரு விதி இருந்தது. பின்னர் அது போய்விட்டது. எங்கள் நடுவர் அதை மீண்டும் சேர்த்துக்கொண்டார். ஒரு ஞாயிறன்று பாழடைந்த சுரங்கத்தில் என் வீரன் முன்னால் போனான். எழுத்தறிந்த மந்திரவாதி பின்னால் காவலுக்கு நின்றான். எதிரே மூடிய கல்கதவு. அதன்மேல் செதுக்கிய எழுத்துகள். அவை என்ன என்று எழுதிய சீட்டை நடுவர் எங்கள் நடுவே வைத்தார். 'தொட்டால் தரை பிளக்கும்' என்றிருந்தது. ஐவரும் படித்தோம்.

"நீதான் எழுத்தறியாதவன் ஆயிற்றே! கதவைத் தள்ளு, குழியில் விழு. அதுதான் நேர்மையான ஆட்டம்" என்றான் ஒரு நண்பன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவரைத் திருப்பும்போது, அவர் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை சரி. பிதாகரஸ் தேற்றத்தை நான் பள்ளியில் படித்தபோது அது எனக்குப் பழைய செய்தி. புதிய இடத்தில் ஒரு பலகையைக் கண்டால் அப்பா நின்றுவிடுவார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று வருகிறவரைக் கேட்பார். ஆளே இல்லையென்றால் அந்தப் பக்கம் காலடித் தடம் இருக்கிறதா என்று தரையைப் பார்ப்பார். எழுத்தறியாதவர் எழுத்தைக் கவனியாமல் கடந்துபோவார் என்பது எழுத்தறிந்தவர்களின் கற்பனை. எழுத்து உள்ள இடத்தில்தான் அவர்களுடைய எச்சரிக்கை இரட்டிப்பாகிறது.

"என் ஆள் கதவைத் தொடமாட்டான். தரையில் தடம் பார்ப்பான். பிறகு படிக்கத் தெரிந்தவனைக் கூப்பிடுவான்" என்றேன்.

"சீட்டைப் படித்துவிட்டாய், அதனால் நிற்கிறாய்" என்றான் நண்பன்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். "தடத்திலிருந்து ஆபத்தை உணரச் சீட்டெடுக்க வேண்டும். கூட்டாளியைக் கூப்பிடச் சீட்டு எதற்கு?" எடுத்தேன், வந்தது 4. தரையில் ஒன்றும் புலப்படவில்லை. மந்திரவாதி வந்து படித்தான். வேறு வழியில் போனோம். ஆயினும் நண்பனின் கேள்வி நியாயமானது. நான் நின்றது அப்பாவை அறிந்ததாலா, சீட்டை அறிந்ததாலா? என் மனத்தைத் திறந்து பார்க்க யாரால் முடியும்? என்னாலேயே முடியவில்லையே!

விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. தரம் பார்க்கும் சோதனையில், வரவேண்டிய அளவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பியூரெட்டைப் பார்க்கும் கண் அந்த அளவை நோக்கியே சாயும். ஆகவே பக்கத்து மேசையின் விடை காதில் விழுமுன்பே நம் அளவீட்டைக் குறித்துவிட வேண்டும். அதையே ஆட்டத்திலும் செய்தேன். எழுத்தைக் கண்டால், அந்நியரைக் கண்டால், பணம் கைக்கு வந்தால் என் வீரன் என்ன செய்வான் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் கொடுத்துவிட்டேன். 'எந்த எழுத்தைக் கண்டாலும் நிற்பான், கேட்பான்' என்பது முதல் வரி.

அதன் விலையையும் கொடுக்க நேர்ந்தது. நாங்கள் ஒரு திருடனைத் துரத்திப் போனபோது என் வீரன் சத்திரத்துப் பெயர்ப்பலகை முன் நின்று வழிப்போக்கனை விசாரித்தான். அது வெறும் பெயர்ப்பலகை என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. திருடன் தப்பிவிட்டான். நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அன்றுமுதல் என்னை யாரும் சந்தேகித்ததில்லை. தெரியாமை நமக்கு லாபம் தரும்போது மட்டுமன்றி நட்டம் தரும்போதும் அதைக் காப்பாற்றுவதே நேர்மை.

ஆம், பாத்திரத்தின் அறிவு என் அறிவிலிருந்து சிலவற்றைக் கழித்த மிச்சம் அன்று. அது வேறொரு முழுமை. என்னிடம் இல்லாதவையும் அதில் உண்டு. நாளை நாம் பட்டதாரிகளாகி வங்கியிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மேசைக்கு இந்தப்புறம் அமர்வோம். அந்தப்புறத்தில் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒருவர் நிற்பார். அவருக்கு என்ன தெரியாது என்று கணக்கிடுமுன், என்னென்ன தெரியும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.