மலைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர்

எங்க ஊர் வைகை அணைக்குப் பக்கம். அம்மாவோட அப்பா, கம்பம்மெட்டு தாண்டி இடுக்கி மாவட்டத்துல ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்கிப் போட்டிருந்தார். உங்க வகுப்புல போடி, கம்பம் பசங்க இருந்தா கேட்டுப் பாருங்க, பல பேர் வீட்டுல இப்படி ஒரு தோட்டம் இருக்கும். போய் வர பாஸ்போர்ட் வேண்டாம், ஜீப் போதும். ஆனா தாத்தா இறந்த பிறகு பார்த்தா, பேப்பர் விஷயத்துல அது வெளிநாடுதான்.

நம்ம பட்டா மாறுதலுக்கு அங்கே பேர் 'போக்குவரவு'. கேட்டா பஸ் டிப்போ ஞாபகம் வரும். நிலவரி 'கரம்'. வில்லேஜ் ஆபீஸ் கணக்குல நம்ம பேருக்குக் கிடைக்கிற எண் 'தண்டப்பேர்'. நாம விடுதலைப் பத்திரம்னு சொல்றது 'ஒழிமுறி'.

இந்தக் கடைசி வார்த்தையிலதான் வீட்டுல பிரச்சினை. மாமாக்கள் ரெண்டு பேரும் அம்மாகிட்ட, "உன் பங்கை எழுதிக் குடுத்துரு தாயி, உன் பேருக்கு வந்தா வாரிசு வரி கட்டணும்"னு சொன்னாங்க. அப்படி ஒரு வரி இந்தியாவுல 1985-லயே ஒழிஞ்சது. தாத்தா உயில் எழுதல. அவர் சுயமா சம்பாதிச்ச சொத்து. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, ரெண்டு மாமா, அம்மா நாலு பேருக்கும் கால் கால் பங்கு. மலைக்கு ரெண்டு பக்கமும் அதே சட்டம்தான்.

அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு உதவினது முல்லைப்பெரியாறு. எங்க அணைக்கு வர்ற தண்ணியில ஒரு பகுதி அந்த மலையிலிருந்துதானே வருது! 1886 அக்டோபர் 29-ல திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்கு பிரிட்டிஷ் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000. 1947-க்குப் பிறகு வாங்கினவனும் இல்ல, கொடுத்த ராஜ்யமும் இல்ல. அப்போ வாரிசு யார்? சுதந்திரத்தோட அந்தக் குத்தகை காலாவதியாயிருச்சுன்னு கேரளா வாதாடுச்சு. உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல குத்தகை செல்லும், வாரிசு தமிழ்நாடுன்னு தீர்ப்பு சொன்னது. நடுவுல 1970-ல ரெண்டு மாநிலமும் ஒப்பந்தத்தைத் திருத்தி, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கியிருந்தாங்க.

அதே 1970-ல தமிழ்நாடு மீன்பிடி உரிமையைக் கேரளாவுக்கு விட்டுக் கொடுத்தது. அம்மா அங்கேதான் நிறுத்தினாங்க. "மீனைக் குடுத்தாங்க, தண்ணியக் குடுக்கலல்ல?" கொடுக்கல. எதை விடுறோம்னு எழுதித்தான் விட்டாங்க.

மறுநாள் பெரிய மாமாவுக்கு அம்மா போன் போட்டாங்க. இந்த வருஷ ஏலக்காய்க் காசு எனக்கு வேண்டாம்ணே, பாட்டி வைத்தியத்துக்கு வச்சுக்க, ஆனா ஒழிமுறில கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னாங்க. மாமா ஒரு வாரம் பேசல. அப்புறம் அவரே ஜீப் எடுத்துட்டு வந்தார்.

நாலு பேர் பேர்லயும் போக்குவரவுக்கு மனு கொடுத்தாச்சு. இப்போ வேற சிக்கல். தோட்டப் பத்திரத்துல தாத்தா பேர் ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. ரெண்டும் ஒரே ஆள்தான்னு சான்று வேணுமாம். உங்க வீட்டுல இப்படி நிலம் இருந்தா, கடைசியாக் கட்டின கரம் ரசீது யார் பேர்ல, என்ன எழுத்துல இருக்குன்னு தாத்தா இருக்கும்போதே பார்த்து வச்சுக்கோங்க.