இறப்பரா, பொலியூரேத்தேனா?

பழைய கார் வைத்திருப்போரிடையே முடிவுக்கு வராத வாதம் ஒன்று உண்டு. சில்லுகளை உடலோடு இணைக்கும் மூட்டுகளில் உள்ள புஷ்கள் தேய்ந்தால், முன்னிருந்தது போல இறப்பர் புஷ் போடுவதா, அல்லது இப்போது கிடைக்கும் பொலியூரேத்தேன் புஷ் போடுவதா என்பதே அது. எங்கள் வீட்டு மொறிஸ் மைனருக்கு அண்மையில் அந்த முடிவை எடுக்க நேர்ந்தது. கையளவு இறப்பர் துண்டுகளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் எண்ணக்கூடும். இருக்கிறது.

கார் 1959 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 948 சீசீ இயந்திரம். அப்பா வாங்கியது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இந்த வகை, 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. முன்சில்லுகளுக்குச் சுருள் வில் கிடையாது. நீளவாட்டில் கிடக்கும் முறுக்குக் கம்பி ஒன்றே பாரத்தைத் தாங்குகிறது. அக்கம்பியோடு பொருந்தும் கீழ்க்கை, 'ஐ-போல்ட்' என்னும் துளைத்தலை ஆணியில் இறப்பர் புஷ்களின் மீது அசைகிறது. பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்னோக்கிப் போகாமல் இழுத்து வைத்திருப்பது 'ரை-பார்' என்னும் தண்டு. அதன் முனையிலும் இறப்பர் வில்லைகளே இருக்கின்றன.

குறையை முதலிற் கண்டவர் அம்மா. வயது எண்பத்து நான்கு. இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தவர். மாதந்தோறும் கொக்குவிலில் இருந்து போதனா வைத்தியசாலைக்கு இந்தக் காரிலேதான் போய்வருகிறார். முச்சக்கரவண்டியின் குலுக்கலை அவரால் தாங்க முடியாது. "தம்பி, நீ பிறேக் பிடிக்கேக்க கீழை ஏதோ தட்டுது" என்றார். ரை-பார் வில்லைகள் நைந்தால் அப்படித்தான் தட்டும். காரும் ஒரு பக்கம் இழுக்கும்.

கழற்றிப் பார்த்தபோது இடதுபக்கத்தில் இருந்தவை இறப்பர் வில்லைகளே அல்ல. லொறி ரயரில் வெட்டியெடுத்த வட்டங்கள். உள்ளிருந்த நூலிழை இன்னும் தெரிந்தது.

1990 இற்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். எங்கள் ஊர் கராஜ்காரர் ஒருவர் பழைய ரயரைக் கூரிய உளியால் வெட்டி, நடுவில் துளையிட்டுத் தந்தார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமமே பெயர்ந்தபோது, அந்த ரயர் துண்டுகளின் மீதுதான் எங்கள் ஆச்சியும், அயல்வீட்டுக் கைக்குழந்தையும் அதன் தாயும், இரண்டு மூடை அரிசியும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். மழை. மக்கள் நடந்த வேகத்திலேயே காரும் ஊர்ந்தது. கைதடியை அடைய மறுநாள் மதியமாயிற்று. ஊர் திரும்பிய பின்னர் கார் நெடுங்காலம் கொட்டிலில் நின்றமையால் அத்துண்டுகள் அப்படியே இருந்துவிட்டன.

இடையில் ஒன்று. அதே 1990களில் நாட்டின் தென்பகுதியில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் தயாரிக்கப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. இறப்பர் மரமோ 1876 இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட நாளிலிருந்து இந்நாட்டுக்கு உரியது. தோட்டங்களில் அதன் பாலை எடுத்தவர்களில் மலையகத் தமிழரும் அடங்குவர். அந்த நாட்டின் வடக்கில்தான் ஓர் இறப்பர் வில்லைக்கு வழியில்லாதிருந்தது.

இனித் தெரிவுக்கு வருவோம். இலண்டனில் உள்ள மச்சான் இரண்டு வகையையும் அனுப்பியிருந்தார். இப்போதைய மெக்கானிக் இளைஞர், பொலியூரேத்தேனின் பக்கம். "ஐயா, இதைப் போட்டால் உங்கட ஆயுளுக்கும் பிறகு பார்க்கத் தேவையில்லை" என்றார். என் ஆயுளை அவர் எவ்வளவென்று கணித்தாரோ தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பொலியூரேத்தேன் எளிதில் தேயாது, எண்ணெய்க்கு ஊறாது, திருப்பங்களில் கார் நிமிர்ந்து நிற்கும். குறை, அதன் கடினம். இறப்பர் புஷ்ஷின் கடினத்தன்மை ஷோர் ஏ அளவில் பொதுவாக 60 இற்கு அண்மித்தது. பொலியூரேத்தேனோ 80 முதல் 95 வரை. வீதி கொடுக்கும் அடியை அது விழுங்காது. அப்படியே உடலுக்குக் கடத்திவிடும். போட்டிக்கு ஓடுபவருக்கு அது நன்மை. இடுப்பில் உலோகம் வைத்த முதியவருக்கு அல்ல.

எனவே ரை-பாருக்கு இறப்பரே என்று முடிவாயிற்று. ஐ-போல்டுக்கு மட்டும் பொலியூரேத்தேன். இயந்திரத்தில் கசியும் எண்ணெய் அவ்விடத்திலேதான் வழிகிறது. இயற்கை இறப்பர் எண்ணெயில் ஊதிக் களியாகிவிடும். கசிவை நிறுத்திவிட்டு இறப்பரையே போடவேண்டும் என்பார்கள் தூய்மைவாதிகள். அறுபது ஆண்டுக் கார் ஒன்றின் கசிவை முற்றாக நிறுத்தியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வாங்க விரும்புவோருக்கு இரண்டொரு சொல். பழைய உறையோடு, அக்காலத்து அசல் சரக்கென்று விற்கப்படும் இறப்பர் புஷ்ஷில் மயங்காதீர்கள். உலோகம் பெட்டிக்குள் காத்திருக்கும். இறப்பர் பெட்டிக்குள்ளும் மூப்படையும். வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மலிவான புதுத் தயாரிப்புகளும் சில ஆண்டுகளில் அப்படியே வெடிக்கின்றன. பூட்டும்போது இறப்பருக்குச் சவர்க்கார நீர் போதும். சாதாரண கிறீஸ் கூடாது. பொலியூரேத்தேனுக்குச் சிலிக்கோன் கிறீஸ் இட வேண்டும், இல்லாவிடின் கிரீச்சிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது: இறப்பர் புஷ் உள்ள இடத்தில், கார் நான்கு சில்லுகளிலும் நிலத்தில் நிற்கும்போதே நட்டை இறுதியாக முறுக்குங்கள். ஜக்கில் தொங்கும்போது முறுக்கினால், இறக்கிய கணத்திலேயே இறப்பர் திருகுண்டு நின்று விரைவில் கிழியும். மெக்கானிக் அவசரக்காரர் என்பதால் நான் அருகிலேயே நின்றேன்.

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 இல் தளர்த்தப்படும் வரை, இந்தக் காரை விலைக்குக் கேட்டு வந்தவர்கள் பலர். அம்மா ஒருவரையும் உள்ளே கூப்பிடவில்லை.

முன்பக்கம் முடிந்துவிட்டது. தட்டும் சத்தம் இல்லை. பிறேக் நேராகப் பிடிக்கிறது. பின் ஸ்பிறிங் தகடுகளின் புஷ்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றுக்கும் இறப்பரையே கேட்டிருக்கிறேன். ஆவணியில் ஊருக்கு வரும்போது கொண்டுவருவதாக மச்சான் சொல்லியிருக்கிறார்.